மூன்று வருடமாக ஹோயா வளர்க்கிறேன், ஏன் பூக்கவில்லை?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீடு. நர்சரியில் ‘வேக்ஸ் பிளான்ட்’ என்று சொல்லிக் கொடுத்த ஹோயா கார்னோசா, வாங்கி மூன்று வருடம். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், ஜன்னலில் இருந்து ஏழெட்டு அடி தள்ளி நிற்கிறது. இலை கரும்பச்சையாகப் பளபளக்கிறது. நடுநடுவே இலையே இல்லாமல் நீளமாக ஒரு கொடி கிளம்புகிறது. பார்க்க நன்றாக இல்லை என்று வெட்டிவிடுகிறீர்கள். இதுவரை ஒரு மொட்டுகூட வரவில்லை. பூக்க வைக்க 0-52-34 உரம் வாங்கி வைத்திருக்கிறீர்கள், போடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, பரிசாக வந்த இதய வடிவ ஒற்றை இலைச் செடி இரண்டு வருடமாக ஏன் அப்படியே இருக்கிறது என்றும் ஒரு கேள்வி.

உரப் பொட்டலத்தை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். உங்கள் விவரத்திலேயே இரண்டு காரணங்கள் கிடக்கின்றன. ஒன்று டிவி பக்கத்து இருட்டு. இன்னொன்று உங்கள் கையில் இருக்கும் கத்தரிக்கோல்.

கத்தரிக்கோலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நானும் அதே தப்பைச் செய்தவன். ஹோயா மற்றக் கொடிகளைப் போல இலையும் தண்டும் சேர்ந்து வளராது. முதலில் மொட்டையாக ஒரு கொடியை வீசும். இரண்டடி, மூன்றடிகூடப் போகும். பிடிக்க ஏதாவது கிடைக்கிறதா என்று காற்றில் துழாவும். பிறகுதான் அதன் கணுக்களில் இலை வரும். பூக்காம்பும் அந்தக் கணுக்களில் இருந்துதான் வரும். நீங்கள் மூன்று வருடமாக வெட்டிப் போட்டது முழுக்கப் பூக்க வேண்டிய கொடி. அது வெயிலுக்கு ஏங்கி மெலிந்து நீண்ட கொடி என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. நல்ல வெளிச்சத்தில் இருக்கும் செடியும் இதே மாதிரிதான் வீசும். அதை ஒரு கம்பியிலோ மூங்கில் குச்சியிலோ தளர்வாகச் சுற்றிவிடுங்கள். இலை வர இரண்டு மாதம் ஆனாலும் விட்டுவிடுங்கள்.

பூக்காம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் இனிமேல் தவறு நேராது. கணுவில் இருந்து தீக்குச்சி கனத்துக்கு ஒரு குட்டைக் காம்பு நீளும். அதன் நுனி கொஞ்சம் தடித்து, சின்னச் சின்ன முண்டுகளாக இருக்கும். அந்த முண்டுகள்தான் மொட்டுகளாகி, குடை விரித்த மாதிரி இருபது முப்பது பூக்களாக விரியும். பூ உதிர்ந்த பிறகு காம்பு மட்டும் காய்ந்த குச்சி போல நின்றுவிடும். ஆனால் அது காய்ந்தது கிடையாது. அடுத்த முறை அதே நுனியில் இருந்து மறுபடியும் மொட்டு வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீண்டு, பழைய பூக்கள் உதிர்ந்த தடங்கள் அதில் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கும். பழைய ஹோயாவில் ஒரே காம்பு வருடக் கணக்காகப் பூத்துக்கொண்டிருக்கும்.

இது தெரியாமல், என் செடி முதன்முதலாகப் பூத்து முடித்ததும், ரோஜாவுக்குச் செய்கிற மாதிரி வாடிய பூவைக் காம்போடு சுத்தமாக நறுக்கிவிட்டேன். நான்கு காம்பு. செடியை அழகாகத் திருத்திவிட்டோம் என்ற திருப்தி வேறு. அடுத்த வருடம் ஒன்றும் இல்லை. புதிய கணுக்களில் காம்பு வந்து மறுபடி பூக்க ஒன்றரை வருடம் ஆனது. சில இனங்களில் பூ முடிந்ததும் காம்பும் தானாக உதிர்ந்துவிடும். அது செடி பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை, நாம் கை வைக்க வேண்டாம்.

சரி, வெளிச்சம். இலை கரும்பச்சையாகப் பளபளக்கிறது என்று நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். ஹோயாவைப் பொறுத்தவரை அது வெளிச்சம் போதவில்லை என்பதற்கான அடையாளம். நிழலில் அது சாகாது, இலையும் விடும், ஆனால் பூக்கிற அளவுக்குச் சேமிப்பு சேராது. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் ஹால் நல்ல வெளிச்சமாகத் தோன்றுகிறது. ஜன்னலில் இருந்து ஏழடி தள்ளினால் உண்மையில் வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். ஒரு எளிய சோதனை: மதியம் பன்னிரண்டு மணிக்குச் செடி இருக்கிற இடத்தில் கையை நீட்டுங்கள். கையின் நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் பூக்க வாய்ப்பு உண்டு. மங்கலாக ஒரு கறை போல விழுந்தால் இலையோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். காலை ஒன்பதரை, பத்து மணி வரை வரும் வெயில் நேராக இலையில் விழலாம். மேற்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுங்கள். ஏப்ரல், மே மாத மதிய வெயில் இலையை வெளுக்க வைத்துப் பொசுக்கிவிடும், அந்தத் தழும்பு இலை உதிரும் வரை போகாது. டிவி பக்கத்தில் இருந்து ஒரே நாளில் வெயிலுக்குத் தூக்கிப் போகாதீர்கள். முதலில் ஜன்னலோரம், பிறகு பால்கனியின் உள்பக்கம், பிறகு ஓரம் என்று மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இலை லேசாக மஞ்சள் கலந்த பச்சையாக மாறினால் கவலைப்படாதீர்கள், நமக்கு வேண்டியது அந்த நிறம்தான். சில வகைகளில் இலை செம்பு நிறம் பிடிக்கும், அதுவும் நோய் இல்லை. பால்கனியே கிடையாது என்றால் எல்இடி வளர்ப்பு விளக்கு ஒன்றை ஓரடி உயரத்தில் தினமும் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டும் பூக்க வைக்கலாம்.

தண்ணீர், மண், தொட்டி மூன்றையும் தனித்தனியாகச் சொல்வதைவிட, இந்தச் செடி காட்டில் எங்கே இருக்கிறது என்று சொன்னால் எல்லாம் ஒன்றாகப் புரியும். பெரும்பாலான ஹோயாக்கள் மரத்தின் மேல் தொற்றி வளர்பவை. வேர் பட்டையின் இடுக்கிலும் பாசியிலும் ஓடும். மழை வந்தால் முழுக்க நனையும், நின்றால் சில மணி நேரத்தில் காற்றாடிக் காய்ந்துவிடும். மழை இல்லாத நாட்களுக்காக இலையைத் தடிமனாக வைத்துக்கொண்டு அதில் தண்ணீர் சேர்த்து வைக்கிறது. கார்னோசா இன்னும் ஒரு படி மேலே போய், கள்ளிகளைப் போலப் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து காற்றை இழுக்கும், தண்ணீர் ஆவியாகாமல் இருக்க. இப்படிப்பட்ட செடியைச் செம்மண்ணும் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) பிசைந்து அப்பிய தொட்டியில் வைத்தால் வேருக்கு மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? நர்சரியில் இருந்து வரும் தொட்டிகள் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன.

நான் வைக்கும் கலவை: தேங்காய் மட்டையைச் சின்னத் துண்டுகளாக வெட்டி விற்பார்களே, அது ஒரு பங்கு; புளியங்கொட்டை அளவுக்கு உடைத்த அடுப்புக்கரி ஒரு பங்கு; பெர்லைட் (இலேசான வெள்ளைக் கல் துகள்) அல்லது செங்கல் பொடிக்கல் ஒரு பங்கு; ஒரு கைப்பிடி மண்புழு உரம். மட்டைத் துண்டை இரண்டு மூன்று முறை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள், உப்பு இருக்கும். பெர்லைட் கிடைக்கவில்லை, விலை அதிகம் என்று கவலைப்பட வேண்டாம். சல்லடையில் சலித்துத் தூசி நீக்கிய செங்கல் துண்டு அதே வேலையைச் செய்கிறது.

தொட்டி சின்னதாக இருக்க வேண்டும். ‘வேர் நெருக்கினால்தான் ஹோயா பூக்கும்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. நெருக்கடி பூவை வரவழைப்பதில்லை. பெரிய தொட்டியில் கலவை நாள் கணக்கில் ஈரமாக இருந்து வேர் அழுகுவதுதான் பிரச்சினை. சின்னத் தொட்டி சீக்கிரம் காய்வதால் செடி நலமாக இருக்கிறது, அதனால் பூக்கிறது. அடித்துளை வழியே வேர் வெளியே வந்து, தண்ணீர் ஊற்றிய மறுநாளே காய்ந்துபோனால் மட்டும் ஓர் இஞ்ச் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். மொட்டு இருக்கும்போது மாற்றவே கூடாது.

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்காதீர்கள், அதற்கு நேர்மையான பதில் கிடையாது. செடியையே கேளுங்கள். முதிர்ந்த இலை ஒன்றை இரண்டு விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். விறைப்பாக எதிர்த்தால் வேண்டாம். வெற்றிலையைப் போல இணங்கி வளைந்தால், அடியில் ஒழுகும் வரை நன்றாக ஊற்றுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கலவை ஈரமாக இருந்தும் இலை துவண்டிருந்தால் அது தாகம் அல்ல, வேர் அழுகல். அப்போது மேலும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. வெளியே எடுத்து, கறுத்த வேரை வெட்டிவிட்டு, நல்ல கொடிகளில் இரண்டிரண்டு கணு உள்ள துண்டுகளாக எடுத்துப் புதிதாக வேர்விட வையுங்கள். வெட்டிய இடத்தில் வடியும் பால் நின்ற பிறகு ஈரமான பாசியிலோ வெறும் தண்ணீரிலோ வைத்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் வந்துவிடும்.

பால் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஹோயாவை வெட்டினால் ஏன் வெள்ளையாகப் பால் வடிகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இது எருக்கின் குடும்பம். பூ வந்ததும் ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள்: ஐந்து இதழ், நடுவில் கிரீடம் மாதிரி ஒரு நட்சத்திரம். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டியவர்களுக்கு அந்த அமைப்பு உடனே பிடிபடும். மகரந்தமும் எருக்கைப் போலவே தூளாக இல்லாமல் கட்டியாக இருக்கும், பூச்சியின் காலில் மாட்டிக்கொண்டு போகும்.

இந்த உறவு வெறும் சுவாரசியத்துக்காகச் சொன்னது அல்ல. எங்கள் தெருவில் ஒரு காலி மனை இருந்தது, நிறைய எருக்கு. எருக்கின் நுனியில் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில், கறுப்புக் காலோடு அப்பியிருக்கும் அசுவினியைப் பார்த்திருப்பீர்கள், அரளியிலும் வரும். அது நேராக என் பால்கனிக்கு வந்து ஹோயாவின் இளம் பூக்காம்புகளில் உட்கார்ந்துகொண்டது. சொந்தக்காரன் வீடு என்று தெரியும் போல. அது சாறு உறிஞ்சினால் மொட்டு வளராமல் சுருங்கிவிடும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். மீதிக்கு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புத் திரவமும் கலந்து மாலையில் அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும், மொட்டின் மேல் அடித்தால் உதிரும். மாவுப்பூச்சிதான் இதைவிடப் பொல்லாதது. இலைக்கும் தண்டுக்கும் இடையிலான இடுக்கில் பஞ்சு மாதிரி தெரிந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும், வாரம் ஒருமுறை, ஒரு மாதம் விடாமல். செடியில் எறும்பு ஏறி இறங்குகிறது என்றால் எங்கோ மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று அர்த்தம். பூத்திருக்கும்போது மட்டும் எறும்பு தேனுக்காகவும் வரும்.

இப்போது உரம். வெளிச்சம் இல்லாத செடிக்கு உரம் போடுவது பசியில்லாத குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி. பால்கனிக்குப் போய், புது வளர்ச்சி தெரிந்த பிறகு, 19-19-19 போன்ற சமச்சீர் உரத்தை லிட்டருக்கு அரை கிராம் மட்டும் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். அதுவும் ஏற்கெனவே ஈரமாக இருக்கும் கலவையில். நீங்கள் வாங்கிய 0-52-34 இல் தழைச்சத்து (நைட்ரஜன்) சுத்தமாக இல்லை, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும்தான் (பொட்டாசியம்). மணிச்சத்தை ஏற்றினால் பூ கொட்டும் என்பது உரக் கடையில் வளர்ந்த நம்பிக்கை. தொட்டிச் செடிக்கு அவ்வளவு மணிச்சத்து தேவைப்படுவதே இல்லை. வாங்கிவிட்டீர்கள், வீணாக்க மனமில்லை என்றால் பிப்ரவரி, மார்ச்சில் மாதம் ஒருமுறை லிட்டருக்கு அரை கிராம் கொடுங்கள், கெடுதல் இல்லை. மீன் அமிலம், சாணக் கரைசல் இவற்றை அடிக்கடி ஊற்றினால் இலைதான் பெருக்கும்.

உரத்தைவிடக் கார்னோசாவுக்கு வேலை செய்வது குளிர்காலம். அதன் சொந்த ஊர் தெற்குச் சீனா, தைவான், ஜப்பானின் தென்தீவுகள். அங்கே நல்ல குளிர்காலம் உண்டு. இரவு குளிர்ந்து, மழை குறைந்து, செடி சில மாதம் ஓய்வெடுத்து, வசந்தம் வந்ததும் மொட்டு விடும். சென்னையில் ஜனவரி இரவுகூடச் சராசரியாக இருபது, இருபத்தொரு டிகிரிதான், அதனால் என் கார்னோசா என்னை ஐந்து வருடம் காக்கவைத்தது. உங்கள் ஊர் கொஞ்சம் அதிர்ஷ்டம். டிசம்பர், ஜனவரியில் இருபதுக்குக் கீழே இறங்கும். அந்த இரண்டு மாதமும் செடியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இலை நன்றாகத் தளரும் வரை தண்ணீரைத் தள்ளிப் போடுங்கள், உரத்தை நிறுத்துங்கள். பிப்ரவரி கடைசியில் தண்ணீரையும் உரத்தையும் மறுபடி தொடங்குங்கள். இந்த மாற்றம்தான் அதற்கு ‘காலம் மாறிவிட்டது’ என்று சொல்லும் செய்தி.

சமவெளியில் இருப்பவர்கள் புதிதாக வாங்குவதாக இருந்தால் கார்னோசாவை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பிலிப்பைன்ஸில் இருந்து வந்த பியூபிகேலிக்ஸ் என்ற ஹோயா இனம் நம் வெக்கைக்கு அசைவதில்லை, சீக்கிரம் பூக்கும், கருஞ்சிவப்பு வகைகள் உண்டு. லக்குனோசாவின் பூ பொடிசு, ஆனால் இரவில் இலவங்கப்பட்டை மணம் வீடு முழுக்க வரும். ஆஸ்ட்ராலிஸ், ஓபோவாட்டா இரண்டும் நம்பலாம். முறுக்கிய கயிறு போல இலை சுருண்டிருக்கும் காம்பாக்டாவை அழகுக்காக வாங்குங்கள், பூவுக்காக அவசரப்படாதீர்கள். அந்தச் சுருளுக்குள் மாவுப்பூச்சி குடும்பம் நடத்தினால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். வெள்ளைக்கரை போட்ட வகைகள் எல்லாமே மெதுவானவை, இலையில் பச்சை குறைவு என்பதால். லீனியாரிஸ், பெல்லா இரண்டும் ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு விட்டுவிடலாம். இங்கே மே மாதம் தாண்டாது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஹோயா உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்றின் பெயர் ஹோயா வைட்டியை. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளரின் பெயர் அது. 1840களில் உங்கள் கோயம்புத்தூரில்தான் அவர் அரசாங்கத்துக்காகப் பருத்திச் சோதனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோயா என்ற பெயரே ஒரு தோட்டக்காரருடையது: இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் சயான் ஹவுஸ் மாளிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட தாமஸ் ஹோய். 1810இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் அந்தப் பெயரை வைத்தார். பிரபுவின் பெயரை விட்டுவிட்டு அவர் வீட்டுத் தோட்டக்காரரின் பெயரை வைத்தது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். மலைக்குப் போகும்போது காட்டு ஹோயாவைப் பார்த்தால் படம் எடுங்கள், கொடியை ஒடித்துக் கொண்டுவராதீர்கள்.

மொட்டு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்? முடிந்தவரை ஒன்றும் செய்யாமல் இருங்கள். சந்தோஷத்தில் தொட்டியைத் தூக்கி ஹாலில் வைத்து விருந்தாளிக்குக் காட்டினால் இரண்டு நாளில் மொட்டு மஞ்சளாகி உதிரும். திருப்பிக்கூட வைக்காதீர்கள், நான் தொட்டியின் முன்பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், வீடு பெருக்குபவர் நகர்த்தினாலும் அதே பக்கமாகத் திரும்ப வைக்க. மொட்டுக் காலத்தில் கலவையை ஒரேயடியாகக் காயவிடக் கூடாது, இலை கொஞ்சம் இணங்கும்போதே ஊற்றிவிடுங்கள். உங்கள் ஊரில் ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று பால்கனியில் நேராக மோதினால் ஒரு மறைப்பு கட்டுங்கள், மொட்டு உதிர அது ஒன்றே போதும். முதல் முறை வரும் மொட்டுக் கொத்து முழுவதும் உதிர்ந்தாலும் மனம் விட வேண்டாம், அது பரவலாக நடப்பது. காம்பு நிற்கிறதல்லவா, அடுத்தது வரும்.

பூத்தால் கொத்து ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். பகலில் மணம் அவ்வளவு தெரியாது, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கிளம்பும். தேன் சொட்டும், தரை பிசுபிசுக்கும். கீழே துணிக்கொடி இருந்தால் இடம் மாற்றிவிடுங்கள்.

மூன்று வருடம் வீணாகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். செடியின் வயது போய்விடவில்லை, வேரும் தண்டும் முதிர்ந்துதான் இருக்கின்றன. இன்றிலிருந்து கொடியை வெட்டாமல், இப்போதே கிழக்குப் பக்கம் மாற்றினால் அடுத்த கோடையிலோ அதற்கடுத்த கோடையிலோ காம்பைப் பார்க்கலாம். அவ்வளவு பொறுமை இல்லையென்றால், ஏற்கெனவே பூக்கிற செடி வைத்திருப்பவரிடம் இரண்டு கணுத் துண்டு கேட்டு வாங்குங்கள். முதிர்ந்த கொடியில் இருந்து எடுத்த துண்டு சீக்கிரம் பூக்கும்.

கடைசியாக அந்த இதய இலை. அது ஹோயா கெர்ரீ, தாய்லாந்துப் பக்கத்துச் செடி. காதலர் தினத்துக்காக ஒற்றை இலையை வேர்விட வைத்து விற்கிறார்கள். இலைக்கு வேர் வரும். ஆனால் கொடி கிளம்ப வேண்டிய கணு அதில் இல்லை, இருந்தால்தானே வளரும்? இலைக்காம்பின் அடியில் தண்டின் துண்டு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கலவையை விலக்கிப் பாருங்கள். இருந்தால் நம்பிக்கை உண்டு, ஆனாலும் வருடக் கணக்கில் ஆகலாம். இல்லையென்றால் அது இனியும் ஓர் இலையாகவே, பல வருடம் பச்சையாக இருக்கும். தண்ணீர் மிகக் குறைவாக ஊற்றி, படிக்கிற மேஜைமேல் ஜன்னலோரமாக வைத்துக்கொள்ளுங்கள்.